மெல்லிய மோதிரங்கள்

என் ஹென்னிங்,

நீ ஆசைப்பட்ட அகலமான மோதிரத்தை நான் எடுக்கவில்லை. திட்டுவதானால் திட்டு.

லூபெக் நகரத்து நகைக்கடைக்காரி, "மாப்பிள்ளை எங்கம்மா? இப்பவே நழுவிட்டாரா?" என்று சிரித்தாள். உன் விரலில் நர்ஸ் அளந்து கொடுத்த நூலை நீட்டினேன். "இது ஆம்பள விரலா?" என்றாள்.

மெல்லியதாக இரண்டு எடுத்தேன். உன் அப்பா போனபின் உன் அம்மா தன் மோதிரத்தோடு அவருடையதையும் போட்டிருக்கிறாளே, அதுபோல இரண்டையும் என் ஒரே விரலில் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். கடைக்காரியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அகலமானது வேணாம்மா. இதுதான் சேர்ந்து உக்காரும்," என்றாள் மெதுவாக.

வெள்ளிக்கிழமை திருமணப் பதிவாளர் வார்டுக்கே வருகிறார். சவரம் செய்துகொள். மோதிரம் உனக்குத் தளர்ந்தால் கவலைப்படாதே. எனக்கு இரண்டுமே சரியாக இருக்கின்றன.

உன்னவள்