முப்பத்தொன்பதாவது தாள்

1941 ஜூலை 14, திங்கள்

மேலமாசி வீதியில் ஊதா மை ஸ்டாம்ப் பேடு ஒன்று வாங்கினேன். பம்பாய்க் கல்லூரியில் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னது இது: தொழிலாளியின் வீட்டுக்குப் போய்க் குறிப்பு எடுத்தால் அதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், சம்மதம் என்று கையெழுத்து வாங்க வேண்டும். இங்கே முக்கால்வாசிப் பேருக்குக் கையெழுத்து வராது. அதனால் இடது பெருவிரல் ரேகை. என் சொந்த யோசனைதான். தலைமை குமாஸ்தா பீர் முகமது அண்ணன்கூட மெச்சினார்.

மில்லில் லேபர் ஆபீசராகச் சேர்ந்து மூன்றரை மாதம் ஆகிறது. வேலை இன்னும் நிரந்தரமில்லை. செப்டம்பர் கடைசிக்குள் சொல்வார்கள். பி.ஏ. முடித்து, அதற்கு மேல் இரண்டு வருஷம் பம்பாயில் சமூக சேவை படித்து, எம்.ஏ.வுக்குச் சமம் என்ற பட்டத்தோடு வந்து, பத்து மாதம் வீடு வீடாய்ப் படியேறியவன் நான். "சேவைக்கு எதுக்குய்யா படிப்பு? அதுக்கு எதுக்குய்யா சம்பளம்?" என்று ஒரு பெரிய மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். கூடப் படித்த தேஷ்பாண்டே நாக்பூரில் இன்ஷூரன்ஸ் விற்கிறான். ஜோசப் ஜெயிலுக்குப் போய்விட்டான், உத்தியோகமாகத்தான். இந்த ஜில்லாவில் என் படிப்புக்கென்று இருப்பது ஒரே ஒரு நாற்காலி. அதன் நுனியில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

இன்று ஐந்து வீடு. பேடைத் தகர மூடியோடு பிடிக்கிறேன், என் விரலில் மை படாதபடி. பழைய பயம்.

ஜூலை 22, செவ்வாய்

முப்பத்தொன்பதாவது வீடு. மலைச்சாமி, பஞ்சு உதறும் ப்ளோ ரூமில் வேலை. நாற்பது வயது இருக்கும். மனைவி சோலையம்மாள் நூல் சுற்றும் பகுதியில். பிள்ளை இல்லை. சொந்த ஊர் எது என்றதற்கு "மேற்க" என்று மட்டும் சொன்னார்.

ரேகை கேட்டதும் மனிதருக்குக் கை வெடவெடவென்று நடுங்கியது. நானே மணிக்கட்டைப் பிடித்து ஒத்தி எடுத்தேன். 'கை நடுக்கம், பஞ்சுத் தூசியால் இருக்கலாம், டாக்டரிடம் அனுப்ப வேண்டும்' என்று தாளில் எழுதினேன். நல்ல குறிப்பு. பம்பாயில் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்.

ஜூலை 24, வியாழன்

முப்பத்தொன்பது தாள்களையும் மானேஜர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றிலும் சிவப்புப் பென்சிலால் எண் போட்டு, நாடாவால் கட்டித் தன் பீரோவில் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். ரேகைப் பதிவில் இருக்கும் ஆட்கள் பேரை மாற்றிக்கொண்டு மில்லுக்குள் புகுந்திருக்கிறார்களாம். யுத்த காலம், ஸ்டிரைக் பேச்சும் அடிபடுகிறது. ஐந்தாம் தேதி இன்ஸ்பெக்டர் வந்து தாள்களை எடுத்துப் போய்ப் பதிவோடு ஒத்துப் பார்க்கப் போகிறார்.

"நான் கேட்காமலே செஞ்சிருக்கீங்க, மிஸ்டர் முத்திருளன். உங்க ஜனத்தை உங்களுக்குத்தானே தெரியும்!" என்றார்.

எனக்குத் தெரியும்தான். ரேகைச் சட்டம் என்பது, எங்கள் ஜாதியில் ஆணாகப் பிறந்தவனைக் குற்றவாளி என்று சர்க்கார் எழுதி வைத்துக்கொள்ளும் சட்டம். ரேகை கொடுக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். சீட்டு இல்லாமல் அடுத்த ஊருக்குப் போகக் கூடாது. என் அப்பா அப்படித்தான் படுத்து எழுந்தார்.

மானேஜருக்குச் சிரித்துவிட்டு வந்தேன். வந்து செம்பு செம்பாய்த் தண்ணீர் குடித்தேன்.

ஜூலை 25, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் சோலையம்மாள் குழாயடியில் வந்து நின்றாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு வச்ச ரேகைய மட்டும் திருப்பித் தந்துருங்க."

ஏன் என்றேன். சுற்றிலும் பார்த்தாள்.

"அவரு மலைச்சாமி இல்ல தம்பி. பேயாண்டி. ஊரு ஸ்டேஷன்ல அவரு ரேகை இருக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஒரு நாளு படுக்கப் போகல. ஆறு மாசம் உள்ள போட்டாக. வெளிய வந்தப்ப பிள்ளை இல்ல. அன்னைக்கே ஊர விட்டு வந்துட்டோம். ஏழு வருசமாச்சு."

ஐயா தம்பியானதைக் கவனித்தேன். அது இன்னும் பயமாக இருந்தது.

"அன்னைக்கே மாட்டேன்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

"ஆபீசரு கேட்டா எப்படித் தம்பி மாட்டேங்கிறது? அதுவும் நீங்க நம்ம ஆளு."

பிடித்தால் இந்த முறை ஆறு மாதத்தோடு போகாது. ஐயோ, என்ன காரியம் செய்தேன்! ரேகைக்குப் பயந்தே செத்த ஊரில் பிறந்துவிட்டு, வீடு வீடாகப் போய் ரேகை எடுத்தேனே! போலீஸ் ஏழு வருஷம் தேடிக் கிடைக்காத விரலை மணிக்கட்டோடு பிடித்துக் கொடுத்தேனே. சம்மதமாம், சம்மதம்!

ஜூலை 26, சனி

பதினாறு வயதில் என் ரேகையையும் எடுத்திருக்க வேண்டியது. விடுதி வார்டன் எழுதிக் கொடுத்த ஒரு காகிதத்தால் தப்பினேன். அப்பாவுக்கு பி.ஏ.வும் தெரியாது, எம்.ஏ.வும் தெரியாது. "எம் மகன் விரல்ல மை படல" என்பதுதான் அவர் ஊரெல்லாம் சொல்லும் பெருமை.

ஜூலை 29, செவ்வாய்

தாள்களில் சில திருத்தம் இருக்கிறது, கொடுங்கள் என்று மானேஜரிடம் கேட்டேன். "ஒரு புள்ளியும் தொட வேண்டாம். பிரமாதமா இருக்கு" என்றார். கொஞ்சம் உற்றுப் பார்த்தாரோ? இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ?

பேயாண்டியை ஓடிப் போகச் சொல்லலாம். திடீரென்று காணாமல் போனால் அதுவே போதும், அன்றே தேடுவார்கள். சோலையம்மாளிடம் சொன்னேன். "இனி எங்கிட்டுத் தம்பி ஓட?" என்றாள்.

ஜூலை 31, வியாழன்

மானேஜரின் பீரோவுக்கு இன்னொரு சாவி பீர் முகமது அண்ணனின் சாவிக் கொத்தில் இருக்கிறது. கொத்து அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். வெள்ளிக்கிழமை மதியம் அவர் தொழுகைக்குப் போவார். மானேஜர் பங்களாவுக்குச் சாப்பிடப் போவார்.

பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் துண்டுகூட எடுத்ததில்லை. யாராவது எடுத்தாலும் என் பையைத்தானே முதலில் பார்ப்பார்கள். வேறு எவன் அந்த பீரோவைத் திறந்தாலும் திருட்டு. நான் திறந்தால், பிறவிப் புத்தி என்பார்கள், எம்.ஏ. படிக்க வைத்தாலும் இவன்கள் இப்படித்தான் என்பார்கள். வேலை போகும். விலங்கு வரும். எனக்குப் பின்னால் படிக்கிற பையன்களுக்கும் கதவு சாத்தும்.

தாளை வெறுமனே உருவவும் முடியாது, எண் போட்டிருக்கிறார். அதே படிவத்தில் அதே விவரம் எழுதி, சிவப்பில் 39 போட்டு, வேறொரு ரேகை வைக்க வேண்டும். பதிவில் இல்லாத ரேகை. யாரிடம் போய் உன் விரலைக் கொடு என்று கேட்பேன்? எப்படிச் சுற்றி வந்தாலும் ஒரே ஒரு விரல்தான் மிஞ்சுகிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

செய்துவிட்டேன்.

"ஜும்மாவுக்குப் போயிட்டு வாரேன் தம்பி. யாராச்சும் சாவி கேட்டா நான் வந்து தர்றேன்னு சொல்லுங்க." அவ்வளவுதான் சொல்லிவிட்டுப் போனார் பீர் முகமது அண்ணன். என்னை நம்பித்தான் சாவியை விட்டுப் போகிறார். அது வேறு உறுத்தல்.

பீரோக் கதவு கிறீச்சிட்ட சத்தம் மில் முழுக்கக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். புதுத் தாள் காலையிலேயே எழுதித் தயாராக இருந்தது. என் இடது பெருவிரலை மையில் ஒத்தினேன். தாளில் வைக்கப் போனால் கை நிற்கவில்லை. பேயாண்டிக்கு நடுங்கிய மாதிரியே நடுங்கியது. என் மணிக்கட்டை நானே வலது கையால் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது. ஓரம் கொஞ்சம் கலைந்துவிட்டது. பரவாயில்லை என்று கட்டுக்குள் பழைய தாளின் இடத்தில் வைத்தேன். பரவாயில்லையா?

பழைய தாளை நாலாய் மடித்து, ஷிப்டு விடும்போது சோலையம்மாளின் தூக்குச்சட்டிக்குள் போட்டேன். மூடியை அழுத்தி மூடிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பீர் முகமது அண்ணன் வந்ததும் கேட்டார். "என்ன தம்பி, கையில மை?"

"பேடு கசிஞ்சிருச்சு அண்ணே."

ம் என்றார். பிறகு ஆணியில் தொங்கிய கொத்தை எடுத்து, ஒருமுறை பார்த்து, மடியில் செருகிக்கொண்டார். இதுவரை அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாகமலைப் புதுக்கோட்டை வரை பஸ், அங்கிருந்து ஊருக்கு நடை. விரலைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சாப்பிட உட்கார்ந்து இடது கையால் செம்பை எடுத்தபோது அப்பா பார்த்துவிட்டார்.

"எந்த ஸ்டேஷன்டா?"

"ஸ்டேஷன் இல்லப்பா. ஆபீசு மை."

நம்பவில்லை. எழுந்து போய்ப் புளியும் அடுப்புச் சாம்பலும் கொண்டுவந்தார். என் கையை இழுத்து மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். "அழுத்தித் தேய்க்கணும். இல்லாட்டி கோட்டுக்குள்ள நின்னுக்கும்" என்றார். எத்தனை தடவை தன் விரலைத் தேய்த்துக் கற்றதோ. நடந்ததைச் சொன்னால் அவருக்கும் ஆபத்து.

கிளம்பும்போது மட்டும் கேட்டார். "இம்புட்டுப் படிச்சும் விடலையாடா?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சிவப்புத் தலைப்பாகைப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர். இன்ஸ்பெக்டர் தாள் கட்டை வாங்கிக்கொண்டு போனார். நான் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன்.

ஆகஸ்ட் 9, சனி

பயம். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒரு விஷயம் இன்றுதான் உறைத்தது. அப்பா பதினோரு வருஷம் எதற்குப் பயந்து என்னை ஊரிலேயே வைக்காமல் படிக்க அனுப்பினாரோ, அதை நானே ஒத்திக் கொடுத்துவிட்டேன். என் ரேகை இப்போது போலீஸில் இருக்கிறது. வேறொருவன் பேரில். நாளை எவனாவது சந்தேகப்பட்டு என் விரலைக் காட்டு என்றால்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தாள்கள் திரும்பி வந்தன. முப்பத்தொன்பதாவது: பதிவில் இல்லை.

பன்னிரண்டாவது ஒத்துப் போயிற்று.

விருமாண்டி. ஸ்பின்னிங்கில் வேலை. அந்த வீட்டில் எனக்கு மோர் கொடுத்தார்கள். ரேகை வைக்கும்போது கைகூட நடுங்கவில்லை, சிரித்துக்கொண்டே வைத்தான். மில் கேட்டில் வைத்தே விலங்கு போட்டார்கள். போகும்போது என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

மற்ற முப்பத்தெட்டுப் பேரைப் பற்றி நான் ஒரு நாளாவது நினைத்தேனா? யாரும் வந்து கேட்கவில்லை, அதனால் யாருக்கும் ஆபத்தில்லை என்று இருந்துவிட்டேன். ஒருத்தி வந்து அழுதாள், ஒரு தாளை மாற்றினேன். பெரிய சேவை.

சாயங்காலம் மானேஜர் கை குலுக்கி ஒரு உறை கொடுத்தார். வேலை நிரந்தரம். ஒரு மாதம் முன்கூட்டியே. கூடவே இன்னொரு உத்தரவு: பாக்கி எழுநூற்றுச் சொச்சம் பேரிடமும் ரேகை எடுக்க வேண்டும். எடுக்க வேண்டியவர், லேபர் ஆபீசர். பழைய தாள்களையும் புதிதாக எடுக்க வேண்டுமாம், சிலது கலைந்திருக்கிறதாம். அப்படியானால் பேயாண்டியின் விரலையும் மறுபடி.

ஆகஸ்ட் 20, புதன்

ராஜினாமா எழுதினேன். கிழித்தேன். நான் போனால் பேடைப் பிடிக்க நாளைக்கே வேறொருவன் வருவான். இப்படி நினைப்பது நியாயமா, நாற்காலி ஆசையா? எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

விருமாண்டிக்காக ஸ்பின்னிங் பகுதி அரை நாள் நின்றது. பட்டாளத்து ஆர்டர் தாமதமானால் மானேஜர் தலைக்கு மேலும் கத்தி. அந்தச் சமயம் பார்த்து உள்ளே போனேன். எழுநூறு பேர் விரலைப் பிடித்தால் எழுநூறு பேரும் வெளியே போவார்கள் என்றேன். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களிடம் கையெழுத்தே போதும், மற்றவர்களுக்கு ஷிப்டு விட்டதும் நானே கற்றுக்கொடுக்கிறேன் என்றேன்.

பென்சிலால் நாள்காட்டியைத் தட்டினார். தீபாவளி வரை தவணை. அதற்குள் கையெழுத்து வராதவன் ரேகை வைக்க வேண்டும்.

வெளியே வந்ததும் பீர் முகமது அண்ணன் சொன்னார். "நம்ம தெருவுல சிலேட்டு மலிவா கிடைக்கும் தம்பி. வாங்கியாறேன்." சாவிக் கொத்து மறுபடி ஆணியில் தொங்கியது.

செப்டம்பர் 8, திங்கள்

கேன்டீன் கொட்டகையில் வகுப்பு. இருபத்தாறு பேர். பம்பாயில் நான் படித்த எதிலும் இது இல்லை. விருமாண்டியின் மனைவியையும் கூப்பிட்டேன், வரவில்லை. அவள் வரமாட்டாள். வழக்குக்கு ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறேன். அவர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை.

பேயாண்டி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிலேட்டில் பேர் எழுதிக் கொடுக்கப் பக்கத்தில் போனபோது, குனிந்து மெல்லக் கேட்டார்.

"எந்தப் பேர எழுதட்டும் தம்பி?"

சிலேட்டின் ஒரு பக்கம் மலைச்சாமி என்று எழுதினேன். திருப்பி, மறுபக்கம் பேயாண்டி என்று எழுதினேன்.

முதல் பக்கத்தை நாலு தரம் எழுதினார். மற்றப் பக்கத்தின் மேல் வெகுநேரம், கை நடுங்காமல், பலப்பத்தை ஓட்டிக்கொண்டே இருந்தார். மணி அடித்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் எச்சில் தொட்டு அழித்துவிட்டு, சிலேட்டை என்னிடம் கொடுத்துப் போனார்.