பழுப்பு அட்டை

வியாழன், இரவு.

மாப்பிள்ளை வீட்டார் வந்து போய்விட்டார்கள். அந்தப் புத்தகத்தை நான் மேசையில் விட்டிருக்கக் கூடாது.

பதினாறு வயதுப் பிள்ளைகளின் காதல் கதை அது. கதையென்று பெரிதாக ஒன்றுமில்லை, சிரிப்பும் கேலியுமாக ஓடுகிறது. அதில் வரும் பெண் தினமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். எங்கே என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இருபத்தாறு வயது. பக்கத்தில் இருக்கும் வண்ணார்பேட்டை வரை போகக்கூட அப்பாவிடம் காரணம் சொல்ல வேண்டும். காதலை விட்டுவிட்டு அந்தச் சைக்கிளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அப்பாவுக்குப் பயந்து பழுப்பு அட்டை போட்டு, மேலே 'பொது அறிவு' என்று எழுதியிருந்தேன். இன்று அவரே அதை எடுத்து, "எப்பவும் பரீட்சைக்குத்தான் படிக்கா" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் பெருமையாக நீட்டினார். அந்த அம்மா பிரித்து ஒரு பக்கம் முழுக்கப் படித்தார்.

"நல்லாத்தான் படிக்கா" என்று மூடி வைத்தார்.

சம்மதம் சொல்லி எனக்குப் பூ வைக்கும்போது காதருகே குனிந்தார்.

"எங்க வீட்டுக்கு வரும்போது அதையும் கொண்டா, நானும் படிக்கணும். அட்டைய மட்டும் கழட்டிராத."