அலைச் சத்தம் எட்டாத வீடு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அந்த நினைப்பைப் பொய்யாக்கிவிடாதே. நாங்களும் சுகம்தான், அதாவது வேளைக்குச் சாப்பிடுகிறோம், படுத்தால் தூங்குகிறோம், உன் அப்பாவுக்கு முழங்கால் வலிகூட இல்லை, எனக்கு மட்டும் இங்கே வந்ததிலிருந்து ஒரு கவலை ஓயவே இல்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், இது அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற விஷயம் இல்லை. இப்போது முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். இந்த ஊர் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு நேரம் போவதே தெரிவதில்லை, அதனால் நிதானமாகவே எழுதலாம்.

உனக்குத் தெரிந்ததுதான், பாட்டில் ஆலையில் ஓய்வு கொடுத்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரே பல்லவி, தன் நாட்டுக்கே திரும்பிப் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு மிச்சக் காலத்தை அங்கேயே கழிக்க வேண்டும் என்று. பார்க்கலாம் பார்க்கலாம் என்று நானும் தள்ளிப் போட்டேன், அது பாஸ்போர்ட் வரைக்கும் வந்துவிட்டது. இப்போது உன் அத்தை வீட்டு மாடியறையில் இருக்கிறோம், இங்கிருந்து பஸ்ஸில் ஏறினால் கடற்கரை, தினமும் போய் வீடு பார்த்துவிட்டு வந்தோம். வீடு காட்டும் தரகரம்மா இந்த வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்று கெடு வைத்தாள். அங்கே நம் வீட்டை வாங்கிக்கொள்ளப் பக்கத்துத் தெரு வாத்தியார் குடும்பம் காத்துக்கொண்டிருக்கிறது. நான் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் எனக்குத் திரும்பிப் போக என்று ஒரு வாசற்படி கிடையாது. இதுதான் என்னை அரிக்கிறது. முப்பது வருஷம் பல் டாக்டரின் முன்மேஜையில் உட்கார்ந்து பேசிப் பேசியே பிழைத்தவள் நான், வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு நானே சாட்சி, இந்த ஊரிலோ எனக்கு வாயே இல்லை. தலைவலி மாத்திரை வாங்கத் தனியாகப் போனேன், பாஷை தெரியாததால் தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன், கடைப் பெண் ரொம்ப மரியாதையாக ஒரு பெட்டி நிறைய சீப்பு கொண்டுவந்து வைத்தாள். பாவம் அவள் ஆசையைக் கெடுப்பானேன் என்று ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு தலைவலியோடு திரும்பி வந்தேன். அப்பா இருக்கும்வரை சரி, அவர் பேசிக்கொள்வார். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஒன்று என்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நான் ஒருத்தி இந்தக் கடற்கரையில் சீப்பும் கையுமாக நிற்க வேண்டியதுதானே.

சரி, வீடுகளைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் பார்த்தது கடலுக்கு நேர் எதிரே, மூன்றாவது மாடி. அப்பா சமையலறையைக்கூடப் பார்க்கவில்லை, நேராகப் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டு இதுதான் என்றுவிட்டார். துணிக்கடையில் முதலில் கண்ணில் பட்ட சட்டையையே எடுத்துக்கொள்ளும் ஆள்தானே. ஜன்னல் கொக்கியெல்லாம் உப்புக் காற்றில் துருவேறிக் கையோடு வருகிறது, குழாயைத் திறந்தால் ரெண்டு இருமல் இருமிவிட்டுப் பழுப்பாகத் தண்ணீர் ஊற்றுகிறது. இங்கே வந்து பாருங்களேன் என்று உள்ளேயிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன், திரும்பவே இல்லை. அலைச் சத்தம் என்று விட்டுவிட்டேன். அடுத்து ஒரு வீடு, கடைத்தெருவுக்குப் பின்னால், பூட்டு ரிப்பேர் கடைக்குப் பக்கத்துச் சந்தில். கெட்டியான பழைய சுவர், இரண்டே அறை, சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரி துணி உலர்த்துகிற கொடி. கடல் பக்கத்தில்தான், ஆனால் மொட்டை மாடியில் ஏறி எட்டிப் பார்த்தால்தான் ஒரு கீற்றுத் தெரியும். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த இடம், வெளிநாட்டிலிருந்து வந்து தங்குகிற வயசானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு, லிஃப்ட் இருக்கிறது, டாக்டர் வந்து பார்க்கிறார், எல்லாவற்றுக்கும் மேலே அங்கே பாதிப் பேர் நம் பாஷை பேசுகிறவர்கள். உள்ளே நுழைந்த உடனே எனக்கு வாய் முளைத்துவிட்டது.

அங்கேதான் அந்தக் கூத்து நடந்தது. குடியிருப்புச் செயலாளர் ஒரு பெரியவர், நம் பாஷைக்காரர், எங்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். பேச்சு வாக்கில், போன மழைக்காலத்தில் தன் மனைவி இறந்துபோனதைச் சொன்னார், இதே நாற்காலியில்தான் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று உன் அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினார். உன் அப்பா வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, “ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது” என்று அவர் முழங்காலில் தட்டிக்கொடுத்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அந்த மனிதர் எழுந்து கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உன் அப்பாவைக் காய்ச்சி எடுத்தேன், மனுஷனா நீங்க, செத்த வீட்டில் சிரிப்பு வருதா என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று வேறு சொன்னேன்.

மறுநாள் அத்தை வீட்டு அலமாரிக்குச் சாவி போட அந்தப் பூட்டுக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மெஷினில் சாவியைத் தேய்க்கிறார், காது கிழிகிற சத்தம், என் குரல் எனக்கே கேட்கவில்லை. உன் அப்பாவோ அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே அவரோடு அவர்கள் பாஷையில் கதையளக்கிறார், அவர் ஒன்று சொல்ல இவர் ஒன்று சொல்ல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று நினைத்தேன். நினைக்க நினைக்க மனசில் ஏதோ உறுத்தியது. நம் வீட்டில் இவர் எப்போது பேச்சைக் குறைத்தார், நாலு பேர் கூடினால் எப்போதிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையை ஆட்ட ஆரம்பித்தார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியாததா, வயசானவர்கள் என் மேஜைக்கு முன்னால் நின்று, நான் சொன்னது ஒன்றும் காதில் விழாமல், விழவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, சரி சரி என்று ஆட்டுகிற அதே தலையாட்டல். ஊரார் தலையை எல்லாம் பார்த்தவள் வீட்டுத் தலையைப் பார்க்கவில்லை. சாயங்காலம் அவர் கண்ணாடி முன்னால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், நான் பின்னால் தள்ளி நின்று, முகம் கண்ணாடியில் தெரியாமல், சாதாரணக் குரலில் “உங்க முதுகில தேள் ஏறுது” என்றேன். அடுத்த பொத்தானைப் போட்டார்.

எதிரில் போய் உட்கார்ந்து, எத்தனை நாளாக என்று கேட்டேன். முதலில் மழுப்பினார், அப்புறம் சொன்னார். ஆலையில் முப்பது வருஷம் பாட்டில் மேல் பாட்டில் இடித்த சத்தம் காதைத் தின்றுவிட்டிருக்கிறது. எனக்குத் தெரியாமல் டாக்டரிடம் போய் ஒரு காது மெஷின்கூட வாங்கியிருக்கிறார், அது சத்தத்தைத்தான் பெரிதாக்குகிறதாம், பேச்சைத் தெளிவாக்கவில்லையாம், அலமாரியில் காலுறைக்குள் கிடக்கிறது. “உங்க பாஷையில பாதி எழுத்து காத்தோட போயிடுது, மீதியை வெச்சு என்னன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள நீங்க எல்லாரும் அடுத்த பேச்சுக்குப் போயிடறீங்க. எங்க ஊர் பாஷைன்னா பாதி விழுந்தாப் போதும், மீதியை மனசே போட்டுக்குது” என்றார். அதற்குத்தான் இந்த ஊராம். மூட்டு வலிக்குக் கடல் காற்று நல்லது என்று இத்தனை நாள் சொன்னதெல்லாம் சாக்கு. பின்னே எதற்கு அலை இரைகிற அந்த வீட்டைப் போய்ப் பிடித்தீர்கள், அங்கே கொஞ்சநஞ்சம் கேட்பதும் கேட்காதே என்றேன். “உனக்குத்தான் இங்க பேச ஆள் இல்ல, கடலைப் பார்த்தாவது பொழுது போகட்டும்னு” என்றார். கடல் என்ன பக்கத்து வீட்டுக்காரியா கதை பேச என்று கேட்டுவிட்டு நான் அழுதேன், அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

இதை உனக்கு ஏன் இத்தனை நீட்டி எழுதுகிறேன் என்றால், போன மாதம் நீ என்னிடம் சொன்னாயே, அப்பாவுக்கு என் பேச்சே வேண்டாம்போல, போனை எடுத்த கையோடு உன்னிடம் தள்ளிவிடுகிறார் என்று. நீ அத்தனை தூரத்து வேலைக்குப் போனதில் அவருக்குக் கோபம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய். குட்டி பிறந்த அன்றைக்கு நீ போன் செய்தபோது “சரி, உடம்பைப் பாத்துக்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்தார், பேத்தி பிறந்ததற்கு ஒரு வார்த்தை சந்தோஷம் இல்லையா என்று நீ மனசு உடைந்து போனாய். தம்பி, நீ சொன்னது அவர் காதில் விழவில்லையடா. நான் கத்திக்கொண்டு குதித்ததைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. போனில் முகம் இல்லை, உதடு இல்லை, நீ சந்தோஷமாக ஒன்று சொல்லும்போது தப்பாக எதையாவது பேசிவிடுவோமோ என்ற பயத்தில்தான் போனைத் தள்ளிவிடுகிறார். இனிமேல் முகம் தெரிகிற மாதிரி போன் செய், வெளிச்சத்தில் உட்கார், அவசரப்படாதே, முக்கியமாக அந்த மீசையைக் குறைத்துக்கொள், உதட்டின் மேல் கூரை மாதிரி தொங்குகிறது. மருமகளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

நேற்று தரகரம்மாவிடம் பதில் சொல்லிவிட்டேன். கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற வீடு. கதவைச் சாத்தினால் அங்கே அலைச் சத்தம் எட்டுவதில்லை, நான் சமையலறையில் நின்று அவர் பாஷையில் எனக்குத் தெரிந்த இரண்டு சொல்லை உரக்கச் சொன்னேன், அவர் கூடத்திலிருந்து பதில் சொன்னார். உன் அப்பா எவ்வளவோ மறுத்தார், எனக்குப் பிடித்த அந்தக் குடியிருப்புக்கே போகலாம் என்றார். எனக்கா ஆசை இல்லை. ஆனால் யோசித்துப் பார், எங்கள் இருவரில் ஒருவர் வாயில்லாப் பூச்சியாக இருந்துதான் ஆக வேண்டும், அவர் என் ஊரில் இத்தனை வருஷம் இருந்துவிட்டார், எனக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது, எழுபதை நெருங்கினாலும் ஒரு பாஷையைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ளலாம், அவருக்குப் புதுக் காது எங்கே கிடைக்கும். துணிக்கொடிக்காரியிடம் தினமும் ஒரு வார்த்தையாவது பிடுங்கிவிடுவேன். தைரியமாகத்தான் எழுதுகிறேன், ஆனால் பயம் இல்லாமல் இல்லை.

குட்டிக்குப் பல் முளைக்கிறதாமே, பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்க விடாதீர்கள், முன்பல் நாலும் சொத்தையாகிவிடும், இதை நான் சும்மா சொல்லவில்லை என்று உனக்கே தெரியும். நீ வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதே. மருமகளை ரொம்ப வேலை வாங்காதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கிற தூரத்திலேயே நூறு வருஷம் இருங்கள்.

மறக்காமல் ஒன்று மட்டும் செய்ய வேண்டும். அவருக்கு முந்தி நான் போய்விட்டால் கவலை இல்லை, அவருக்கு இங்கே ஊரே இருக்கிறது. எனக்கு முந்தி அவர் போய்விட்டால், நீ எத்தனை வேலை இருந்தாலும் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், பேச்சுத்துணை இல்லாத ஊரில் என்னை விட்டுவிடாதே. சரிம்மா என்று ஒரு வரி எழுதிப் போடு, அத்தை வீட்டு விலாசத்துக்கே எழுது. போனில் மட்டும் சொல்லிவிடாதே, நீ சொல்வது அவர் காதில் விழாது, ஆனால் அதைக் கேட்கும்போது என் முகம் போகிற போக்கைப் பார்த்தே அவர் அத்தனையும் தெரிந்துகொள்வார்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா