பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை

பிண்டாரா
மார்ச் 11

அன்பு கிரிலிக்கு,

உனக்கும் குழந்தை டில்லிக்கும் எல்லா நலமும் சேரட்டும். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். போனில் சொல்லிவிடலாம் என்று எடுத்து, எடுத்த வேகத்தில் வைத்துவிட்டேன். பக்கத்தில் டில்லியின் குரல் கேட்டால் நான் மழையைப் பற்றித்தான் பேசுவேன். அதனால்தான் கடிதம். அவள் பள்ளிக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து படி.

மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லை. கீழ்க்குட்டையில் சேறுதான் மிச்சம். பாதி ஆடுகளை விற்றாயிற்று. உன் மாமனார் முட்டி வலியோடுதான் தீவனம் இறக்குகிறார். டாக்டரிடம் காட்டுங்கள் என்றால், "ஆட்டு டாக்டர் வர்றப்போ அவர்கிட்டயே காட்டிக்கறேன்" என்கிறார். கென்னை மணந்த நாளிலிருந்து இதே கதைதான், விடு.

போன வியாழக்கிழமை போர் நினைவுச்சின்னக் குழு கூடியது. நம் ஹேமிஷின் பெயரைக் கல்லில் வெட்டுவது பற்றித்தான் பேச்சு. நம் ஊர்க் கல்லில் போருக்குப் போன எல்லோர் பெயரும் இருப்பதும், செத்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் சின்னச் சிலுவை இருப்பதும் உனக்குத் தெரியும். தலைவர் நெவில் கோட்ஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வெர்னா, ஹேமிஷ் பேரு கண்டிப்பா வரும். ரெண்டு தடவ ஆப்கானிஸ்தான் போன பையன். சிலுவைதான்... அவன் திரும்பி வந்துட்டானே" என்றான்.

நெவில் நல்லவன்தான். ஆனாலும் கேட்கிறேன், எது திரும்பி வந்தது? நாய் குரைத்தால் சமையலறைத் தரையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொள்வானே, அதுவா? டில்லியின் பிறந்தநாளுக்குப் பலூன் வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சினானே, அதுவா? என் பிள்ளை அங்கேயே போய்விட்டான். அவன் உடம்பைத்தான் நீ ஆறு வருஷம் பார்த்துக்கொண்டாய்.

"சிலுவை இல்லாம பேரு வேணாம்" என்றேன். நெவில் குரலைத் தாழ்த்தி, "கோவிச்சுக்காத வெர்னா. விபத்துல போனவங்களுக்குச் சிலுவை வெட்டறதில்ல. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்" என்றான்.

விபத்து. இந்த வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு வேலை தெரியுமா? முதல் உலகப் போரிலிருந்து வந்தவர்களுக்கு அரசாங்கம் துண்டு துண்டாக நிலம் கொடுத்தது. உப்போடை ரோடு முழுக்க அந்தத் துண்டுகள்தான். பாதி, ஆற்றங்கரையில் இருந்த பூர்வகுடி மக்களைக் கிளப்பிவிட்டு எடுத்த இடம். அவர்களில் ஆல்பி மர்ரேயும் போருக்குப் போனவன். அவன் பெயர் கல்லில் உண்டு, அவனுக்கு நிலம் மட்டும் இல்லை. கிடைத்தவர்களும் வாழ்ந்துவிடவில்லை. முயல், உப்பு, வறட்சி, கடன். குண்டுச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு ஒருவன் எத்தனை வருஷம் கோதுமை விதைப்பான்? அங்கே இப்போது நிற்பது வீடில்லாத புகைபோக்கிகள்தான்.

அந்தக் காலத்தில் வேலியோரம் விபத்து, குட்டையில் விபத்து, கொட்டகையில் விபத்து. பாதிரியார் முணுமுணுக்காமல் அடக்கம் செய்ய வேண்டும், விதவைக்குப் பென்ஷன் நிற்காமல் வர வேண்டும். அதற்காக ஊரே சேர்ந்து ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டது. கருணைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கருணையால்தான் அவர்களில் ஒருவனுக்கும் சிலுவை கிடைக்கவில்லை. நம் ஹேமிஷுக்கும் அதையே கொடுத்தார்கள். நாமும் வாங்கிக்கொண்டோம்.

கிரிலி, இனி எழுதுவதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும். பெர்த்துக்குக் கிளம்பும்போது, டில்லி பெரியவள் ஆகும்வரை விபத்து என்றே இருக்கட்டும் என்று என் கையைப் பிடித்துக் கேட்டாய். நானும் சரி என்றேன். வியாழக்கிழமை எழுந்து நின்று, "அது விபத்து இல்ல. என் பையன் தன் உசிர தானே முடிச்சிக்கிட்டான். போர் அவன விடல. அவன்கிட்ட வந்து சேர அதுக்கு ஆறு வருஷம் ஆச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன். இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

தேநீர் மேஜைப் பக்கமிருந்து பேக்கரிக்கார நோரீன், "பாவம், அன்னிக்கு அந்தப் பொண்ணு மட்டும் வீட்ல இருந்திருந்தா..." என்று இழுத்தாள். உன்னை ஊரைவிட்டு ஓட வைத்தது இந்தப் பேச்சுதான் என்று எனக்குத் தெரியாதா? திரும்பி, "அவ குழந்தையை நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா. நான் கூப்பிடற தூரத்துல பீன்ஸ் பறிச்சிட்டு இருந்தேன். கேக்கறதுன்னா என்னைக் கேளு நோரீன், பெத்தவ நான் இங்கதானே நிக்கறேன்" என்றேன். அவள் தட்டில் இருந்த லேமிங்டன் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேக்கும் அன்றைக்கு வறட்டு வறட்டென்றுதான் இருந்தது.

அப்போதுதான் மெர்வ் டக்வெல் எழுந்தார். கம்பளி ஏலத்தில்கூட வாய் திறக்காமல் விரலை மட்டும் ஆட்டுகிறவர். "எங்க தாத்தாவும் வேலிக்குப் போயிட்டு வரல. பிரான்ஸ்லேர்ந்து வந்து நாலாவது வருஷம். எங்கப்பா சாகறவரைக்கும் விபத்துன்னுதான் சொன்னாரு. எனக்கு எழுபத்தெட்டு வயசு, இன்னிக்குத்தான் வெளில சொல்றேன். வெர்னா பையனுக்கு வெட்டினா எங்க தாத்தாவுக்கும் வெட்டுங்க" என்றார்.

நெவில் தலையைப் பிடித்துக்கொண்டான். "மெர்வ், இப்படியே போனா எங்க நிறுத்தறது?" என்று கேட்டான். மெர்வ், "ஏன் நிறுத்தணும்? கல்லுல எடம் இருக்குல்ல" என்றார். வாக்கெடுப்பில் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியில் நெவிலின் கையும் உயர்ந்தது. இருவருக்கும் சிலுவை வெட்டுவது என்று முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கென்னிடம் சொன்னேன். நேரே பட்டிக்குப் போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்து, கையைக் கழுவிக்கொண்டே, "நல்லவேளை, சொல்லிட்ட" என்றார். மகன் போனபோதும் அழாதவர், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

இனி எல்லாம் உன் கையில் இருக்கிறது. மனைவி எழுத்தில் சம்மதம் தராமல் உளி படாது, அது குழுவின் விதி. அடுத்த மாசம் போர்வீரர்களை நினைக்கும் ஆன்சாக் நாளுக்கு முன்னால் வெட்டி முடிக்க வேண்டும் என்று கல்வெட்டுபவர் அவசரப்படுத்துகிறார். நீ சரி என்றால், என்றைக்காவது டில்லி அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, அப்பா எந்தச் சண்டையில் செத்தார் என்று கேட்பாள். நீ பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அது எனக்குத் தெரிந்தேதான் கேட்கிறேன்.

வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது, நிறுத்திவிடுகிறேன். மெர்வின் தாத்தாவுக்கு மட்டும் வெட்டட்டும். நான் கோபப்பட மாட்டேன். பொய், கோபப்படுவேன். இரண்டு நாள் கோபப்பட்டுவிட்டு, பிறகு டில்லிக்குப் பிஸ்கட் சுட்டு அனுப்புவேன்.

சரி என்றால், நீ தனியாக அவளிடம் சொல்லாதே. நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை, நினைத்தாலே குமட்டுகிறது. ஆனாலும் நீ வா என்றால் வந்துவிடுவேன். அவள் உன் மடியில் இருக்கட்டும், கேள்விகளை என்னிடம் கேட்கட்டும். எனக்குத் தெரியாத பதிலுக்குத் தெரியாது என்று சொல்கிறேன். அவள் தூங்கிய பிறகு நாம் இருவரும் சேர்ந்து அழலாம். நாம் இன்னும் ஒரு தடவைகூடச் சேர்ந்து அழவில்லை, பெண்ணே.

என் மகன் அந்த ஆறு வருஷம் உயிரோடு இருந்தது உன்னால்தான். அதை எந்தக் குழுவும் கல்லில் வெட்டப்போவதில்லை. அதனால் நான் இங்கே எழுதி வைக்கிறேன். ஆண்டவர் உன்னையும் குழந்தையையும் கைவிடாமல் காக்கட்டும்.

உன்னை மகளாகவே நினைக்கும்,
வெர்னா