அருந்ததியின் கையை அமுக்கியது நான்

சண்டிலிப்பாய்
04.09.1986

அன்புள்ள அண்ணைக்கு,

இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதீர்கள், உங்கள் அறையில் இருப்பவருக்கும் வேண்டாம், வாசித்தவுடன் கிழித்துவிடுங்கள். நாங்கள் எல்லோரும் நல்ல சுகம் என்று அப்பா எழுதியிருக்கிறார், நீங்களும் சுகமாக இருக்கவேண்டும், ஆனால் தங்கச்சி அருந்ததி சுகமாக இல்லை. விலாசம் எழுதி ஒட்டச் சொல்லி அப்பா தன் கடிதத்தை என்னிடம் தந்தார், அதற்குள்ளேயே இதையும் வைக்கிறேன். மதராஸ் ஆஸ்பத்திரியில் அவளுடைய காதைச் சோதிக்க நீங்கள் எடுத்த திகதி இனி வேண்டாம் என்று அவர் எழுதியிருக்கிறார். அதை விட்டுவிடாதீர்கள்.

பிழை என்னுடையது. மூளைக்காய்ச்சல் மாறிய பிறகு அவளுக்குக் காது கேட்கவில்லை என்றால் எங்கேயாவது விடுதிப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டி வரும் என்று அம்மா அழுதா. ஆறு வயதுப் பிள்ளை அண்ணை. இங்கே ஆஸ்பத்திரியில் அவளை என் மடியில் இருத்தி, டொக்டர் பின்னால் நின்று மணி அடித்தார், சின்ன மேளம் தட்டினார். வலப்பக்கம் சத்தம் வந்தால் வலக்கையை அமுக்கினேன், இடப்பக்கம் என்றால் இடக்கையை. போகும்போதே பஸ்ஸில் விளையாட்டாகப் பழக்கியிருந்தேன். ஒவ்வொரு முறையும் சரியாகத் திரும்பினாள். காதில் குறையில்லை என்று எழுதித் தந்துவிட்டார்கள்.

இப்போது அடி விழுவது அவளுக்கு. "உவள் செவிடில்லை, கள்ளி. வடை சுட்டால் மட்டும் எப்பிடி ஓடி வாறாள்?" என்று அப்பா கேட்கிறார். அவள் வருவது மணத்துக்கு. பள்ளிக்கூடத்திலும் பிடிவாதம் என்று முழங்காலில் விடுகிறார்கள். போன செவ்வாய் ஹெலிகொப்டர் வந்து சுட்டபோது நாங்கள் எல்லோரும் பங்கர் குழிக்குள், அவள் மட்டும் கிணற்றடியில் குந்தியிருந்து வாளித் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கி வந்தேன். "கூப்பிட்டது கேக்கேல்லையோடி?" என்று அம்மா அங்கேயும் அடித்தா.

தலையில் மெல்லிய வயர்களை ஒட்டிச் சத்தம் கொடுத்தால் பிள்ளை பதில் சொல்லத் தேவையில்லை, மூளைக்குச் சத்தம் போய்ச் சேர்ந்ததா என்று கடதாசியில் கோடாக விழும் என்று எழுதியிருந்தீர்களே. அந்தப் பரிசோதனைதான் வேண்டும். அப்போது என்னை அவளுக்குப் பக்கத்தில் விடாதீர்கள். நான் செய்ததை அப்பாவுக்கு நீங்களே எழுதுங்கள், எனக்கு அடி விழட்டும். ஆனால் அடுத்த ஹெலி வருவதற்கு முதல்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான், பலமாகத் தட்டுகிறார். அருந்ததி கதவுக்கு முதுகு காட்டி இருந்து என் பேனையையே பார்த்துச் சிரிக்கிறாள், இன்னும் திரும்ப