ஒரு வாய் பால்

அத்தை,

பத்து மணிக்குக் குழாய்க்காரர் வருவார். கழிப்பறையில் ஃப்ளஷ் வேலை செய்யவில்லை. காலையில் நான்கு முறை போனேன். வாளி வாளியாக ஊற்றியும் நாற்றம் போகவில்லை. என் உடம்பே எனக்குக் குமட்டுகிறது.

"ஒரு வாய் பால் என்ன செஞ்சிடும், மாப்பிள்ளை?" என்றீர்கள். இதைத்தான் செய்யும். இந்தக் குடலுக்குப் பாலும் ஆகாது, பதற்றமும் ஆகாது. மத்தியானம் வெறும் சோறு போதும்.

"என் பொண்ணு மூச்சு அடங்கறப்போ எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்றும் நேற்றுக் கேட்டீர்கள். போன் பேசப் போனதாகச் சொன்னது பொய். ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் இருந்தேன். நர்ஸ் கதவைத் தட்டினார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

பி.கு.: அனுப்பியது அவள்தான். "மெதுவா போய்ட்டு வாங்க, நான் எங்க ஓடிடப்போறேன்" என்றாள்.