டேங்குக்குள் கிடந்த துணி

ஜூன் 3, திங்கள்

இன்று கார் ஷெட்டில் இருந்தவர்கள்: நான், மகன், மருமகள், தாடி மெக்கானிக், என் கொழுந்தன். யார் என்ன சொன்னார்கள் என்பது ஒரு சொல் விடாமல் மனதில் இருக்கிறது.

பெட்ரோல் டேங்க் முழுக்கத் துரு, அதனால்தான் என் பழைய கார் நடுரோட்டில் நிற்கிறது என்றான் மெக்கானிக். "இதுக்கு டேங்க் இனிமே கிடைக்காதும்மா. எடைக்குப் போட்டுடுங்க" என்று சிரிப்பு வேறு. ஞாயிறு வரை பார்ப்பேன், ஓடவில்லையென்றால் இரும்புக்கடைக்காரரை வரச்சொல்வேன் என்றான் மகன். கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல். "இந்த வயசுல எதுக்கு அண்ணி ஸ்டியரிங்? கூப்பிட்டா நாங்க கொண்டு விடமாட்டோமா?"

கூப்பிட்டு, அவன் தலை வாரி முடிக்கும்வரை வாசலில் நின்று — அதற்கா நான் வண்டி ஓட்டக் கற்றேன்?

ஜூன் 4

"அத்தை, கெட்டில்ல உப்பு படிஞ்சா வினிகர் ஊத்துறோமே, டேங்குல ஊத்தினா என்ன?" என்றாள் மருமகள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் பேசியதில் எனக்குப் பிடித்த முதல் பேச்சு.

மெக்கானிக் டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வெளியில் வடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். நாய்ச் சங்கிலியில் கயிறு கட்டி உள்ளே விட்டு, ஆளுக்கொரு பக்கம் டேங்கைப் பிடித்துக் குலுக்கினோம். துரு செங்கல்பொடியாய்க் கொட்டியது. சங்கிலியை இழுத்தால் கூடவே ஒரு மட்கிய துணி. பச்சைக் கட்டம்.

அந்தச் சட்டையை எடுத்துக் கொடுத்ததே நான்தான், கொழுந்தனுக்கு மூத்தவள் பிறந்தபோது. பிறகு அவன் கார் துடைக்கும் துணியானது. போன மழைக்காலத்தில் வண்டியை இரவல் வாங்கிப் போனவன், "டேங்க் மூடி எங்கேயோ விழுந்துடுச்சு, புதுசு போட்டுட்டேன் அண்ணி" என்றான். அதுவரை டேங்க் வாயில் துணியை அடைத்து மழையில் நிறுத்தியிருக்கிறான்! துணி உள்ளே விழுந்ததைச் சொல்லவே இல்லையே, பாவி.

வினிகர் ஊற்றி வைத்தோம். துணியைத் துவைத்துக் காயப்போட்டேன்.

ஜூன் 6

கழுவினோம். உள்ளே வெள்ளித்தட்டு மாதிரி மின்னியது. அந்தச் சந்தோஷத்தில் ஈரத்தோடு வைத்துவிட்டு, டீ குடித்தபடி என் மகனின் குறைகளைப் பேச உட்கார்ந்தோம். விஷயமா குறைச்சல்? திரும்பி வந்தால் மறுபடி ஆரஞ்சு நிறம். இரும்புக் கடாயைக் கழுவிய கையோடு துடைக்கிற எங்கள் இரண்டு பேருக்கா இந்தப் புத்தி!

மறுபடி வினிகர்.

ஜூன் 8

சமையல் சோடா கரைத்துக் கழுவி, உடனே அவளுடைய ஹேர் டிரையரால் உலர்த்தினோம். இந்த முறை வாயே திறக்கவில்லை. எண்ணெய் விட்டு உருட்டினோம். மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்தான். சிரிப்பைக் காணோம்.

"யாரும்மா செஞ்சது?"

"எடைக்குப் போடச் சொன்னியே, அந்த டேங்குதான். மாட்டு."

ஜூன் 9, ஞாயிறு

ஓடுகிறது! சாவியை இரண்டாம் முறை திருப்பியதும் பிடித்துக்கொண்டது. மருமகள் முன்சீட்டில், மகன் பின்சீட்டில். மேம்பாலம் ஏறி இறங்கினோம், ஓர் இருமல் இல்லை. வீடு திரும்பினால் இரும்புக்கடைக்காரர் நிற்கிறார். வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. நாய்ச் சங்கிலியைக் கொடுத்தேன்.

கொழுந்தன் ஓடி வந்தான். "அண்ணி, என் வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு, என்னைக் கடைத்தெருவுல இறக்கி விடுங்களேன்." மடித்து வைத்திருந்த பச்சைக் கட்டத்தை அவன் கையில் வைத்தேன். முகம் வெளுத்தது. "அப்படியே நின்னு கூப்பிட்டுக்கிட்டே இரு தம்பி" என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

மெக்கானிக்கை மன்னித்தாயிற்று. மகனையும், போனால் போகிறான். ஒருவனை மட்டும் முடியாது: என் கொழுந்தன்.